ஆலை இல்லாத வன்னியில் தண்ணீர் எப்படி மாசுபடுகிறது?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் பத்தாம் தரம். "நீர் மாசடைதலின் வகைகளும் சூழலில் அவற்றின் விளைவுகளும்" என்று பாடசாலையில் ஒப்படை கொடுத்திருக்கிறார்களாம். புத்தகத்தில் ஆலைக் கழிவு, எண்ணெய்க் கப்பல், அணுமின் நிலையம் என்றெல்லாம் இருக்கிறது. இங்கே இருந்துகொண்டு பிள்ளை எதைப் பார்த்து எழுதுவாள், வன்னியில் ஆலை ஒன்றும் இல்லையே, எங்கள் தண்ணீர் சுத்தம்தானே என்பது அவருடைய கேள்வி.

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். வன்னியில் பெரிய ஆலைகள் இல்லை, சரி. அதை வைத்துக்கொண்டு தண்ணீர் சுத்தம் என்று முடிவு கட்ட முடியாது. பதினைந்து வருடத்துக்கு மேல் வன்னிக் கிணறுகளிலும் குளங்களிலும் தண்ணீர் மாதிரி எடுத்து, போத்தலில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்குக் கொண்டு ஓடியவன் நான். இங்கே மாசு ஒரு பெரிய குழாயால் வந்து விழுவதில்லை. வீட்டு மலசலகூடம், வயல், அரிசி ஆலை, மணல் அள்ளும் டிப்பர் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகிறது. ஓரிடத்தில் கையை நீட்டிக் காட்டக்கூடியதைப் பாடப்புத்தகம் புள்ளி மூலம் என்று சொல்லும். இப்படிப் பரந்து சேருவதைப் புள்ளியல்லா மூலம் என்று சொல்லும். முதலாவதை அடைக்கலாம், வழக்குப் போடலாம். இரண்டாவதில் எல்லாருடைய கையும் இருப்பதால் யாரும் பிடிபடுவதில்லை.

வகைகளுக்குப் போகமுன் வன்னித் தண்ணீரின் வழியைப் பிள்ளைக்குக் காட்டிவிடுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்து முத்தையன்கட்டுக் குளம் பேராற்றை மறித்துக் கட்டியது. அந்த ஆற்றின் மிச்சம் நந்திக்கடலுக்குப் போகிறது. கனகராயன் ஆறு வவுனியா வடக்கில் தொடங்கி, இரணைமடுவை நிரப்பி, சுண்டிக்குளக் களப்பில் முடிகிறது. அருவியாறு 164 கிலோமீற்றர் ஓடுகிறது. அனுராதபுரத்தில் அதற்கு மல்வத்து ஓயா என்று பெயர், மன்னாரில் அருவியாறு. தேக்கத்தில் மறித்துத் திருப்பிய அதே தண்ணீர்தான் கட்டுக்கரைக் குளத்துக்கும் வருகிறது. சின்னக் குளங்களும் அப்படித்தான். மேல்குளத்து வான் தண்ணீர் கீழ்க்குளத்துக்கு வரத்து. குளம் நிறைந்தால் கிணறு ஊறும் என்று வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியென்றால் குளத்தில் கரைந்தது கிணற்றுக்கும் வரும், கிணற்றடியில் ஊற்றியது கீழே இருக்கும் குளத்துக்கும் போகும். மண் கொஞ்சத்தை வடிக்கும், எல்லாவற்றையும் வடிக்காது.

இனி வகைகள். முதலில் அழுகும் கழிவு. இதைத்தான் ஆட்கள் மாசு என்றே கணக்கில் எடுப்பதில்லை, "நஞ்சு இல்லைத்தானே" என்பார்கள்.

ஒருமுறை ஒரு சின்னக் குளத்தில் மீன் செத்து மிதக்கிறது என்று கூப்பிட்டார்கள். யாரோ நஞ்சு போட்டுவிட்டார்கள் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் போனபோது அலைகரையோரமாக ஜப்பான் மீன்கள், அதாவது திலாப்பியா, வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. உயிரோடு இருந்தவை வாயை மேலே நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. விரால் ஒன்றுகூடச் சாகவில்லை. அதைக் கண்டதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. விரால் காற்றை நேரே விழுங்கி மூச்சு விடக்கூடியது. நஞ்சு என்றால் அதுவும் செத்திருக்கும். எத்தனை மணிக்குக் கண்டீர்கள் என்று வலை போடுகிறவரைக் கேட்டேன். "விடியப்புறம், வெளிக்கமுன்னமே துடிச்சுது" என்றார். மற்றப் பாதியும் விளங்கிவிட்டது. வரத்து வாய்க்காலோடு மேலே நடந்தோம். முக்கால் கட்டையில் ஒரு அரிசி ஆலை. புழுங்கலுக்கு நெல் ஊறப்போட்ட தண்ணீரை இரண்டு மூன்று நாளாக வாய்க்காலில் திறந்துவிட்டிருக்கிறார்கள். தேத்தண்ணீர் நிறத்தில், புளித்த நாற்றத்தோடு, மேலே நுரை கட்டி நின்றது.

அந்தத் தண்ணீரில் நஞ்சு என்று ஒன்றும் இல்லை. மாவும் சீனியும் தவிட்டுத் தூளும்தான். ஆனால் அவற்றைத் தின்ன பற்றீரியாக்கள் பெருகும், பெருகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனை இழுத்து முடிக்கும். அங்கே இருப்பதோ கொஞ்சம்தான். 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைத்தான் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது ஏழரையாகக் குறையும். எங்கள் சித்திரை வெயிலில் ஆழமில்லாத குளத்துக்கு 30 பாகை சாதாரணம். பகலில் பாசியும் நீர்த்தாவரமும் ஒட்சிசன் விடும், இரவில் அவையும் எடுக்கும். அதனால் விடியப்புறத்தில்தான் ஆகக் குறைவு, மீன் சாவதும் அப்போதுதான்.

ஒரு கழிவு எவ்வளவு ஒட்சிசனை இழுக்கும் என்று அளப்பதைத்தான் உயிரிரசாயன ஒட்சிசன் கேள்வி என்கிறார்கள், சுருக்கமாக பீ.ஓ.டி. ஆறு குளங்களில் விடும் கழிவுநீருக்கு இலங்கையில் பொது எல்லை லீற்றருக்கு 30 மில்லிகிராம். சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரே 200, 300 என்று நிற்கும். ஊறல் தண்ணீர் அதையும் தாண்டும். அந்தக் குளத்தில் மீன் திரும்ப வர இரண்டு மாரி எடுத்தது. மீனோடு போனவற்றை ஒருவரும் எண்ணவில்லை. தும்பியின் குடம்பி, இறால் குஞ்சு, அவற்றைத் தின்ன வந்த கொக்கு எல்லாம் அந்த வருடம் அங்கே இல்லை. களப்பிலும் இதே கதைதான் நடக்கும். கோடையில் கடலோடு வாய் அடைத்து, தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றி, சூடேறி நிற்கும் நேரத்தில் கொஞ்சக் கழிவு போதும்.

அடுத்தது பசளை. யூரியாவில் 46 வீதம் நைதரசன். பயிர் எடுத்ததுபோக மிச்சத்தில் ஒரு பங்கு காற்றோடு போகும், ஒரு பங்கு நைத்திரேற்றாகி நிலத்துக்குள் இறங்கும், ஒரு பங்கு வயலில் வெட்டிவிடும் தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போகும். பொசுபேற்று அப்படி லேசில் கரைந்து போகாது. மண்ணைப் பிடித்துக்கொண்டு, மண் அரித்துப் போகும்போது சேர்ந்து குளத்துக்கு வரும். இரண்டும் குளத்தில் சேர்ந்தால் வயலுக்குப் போட்டதைப் பாசி தின்று வளரும். தண்ணீர் பச்சைக் கூழாகும். வெயில் அடியில் இறங்காது, அடியில் வளரும் செடி சாகும், பாசியும் செத்து அழுகும், பிறகு நான் மேலே சொன்ன ஒட்சிசன் கதை தொடங்கும். நற்போசணையாக்கம் என்று புத்தகத்தில் பெரிய பெயரில் இருப்பது இதுதான். பச்சையாகத் தெரிவதில் ஒரு கூட்டம் உண்மையில் பாசியே இல்லை, நீலப்பச்சைப் பற்றீரியா. அதில் சில ஈரலைத் தாக்கும் நஞ்சு விடும். அப்படி மேலே படை கட்டி நிற்கும் தண்ணீரை மாட்டுக்குக் காட்டக் கூடாது.

இன்னொன்று சல்வீனியா. 1939இல் கொழும்பில் பல்கலைக்கழகப் படிப்புக்காகக் கொண்டுவந்த செடி, நாடு முழுக்கக் குளங்களை மூடியது. பசளைத் தண்ணீர் கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் இரண்டு மடங்காகும். 1986இல் அதைத் தின்னும் ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் பல இடங்களில் அடங்கியது. மகள் இதை எழுதலாம், ஏனென்றால் மாசு என்பது இரசாயனமாக மட்டும்தான் இருக்கும் என்றில்லை. இடம் மாறி வந்த உயிரும் மாசுதான்.

கிணற்றில் நைத்திரேற்றுக்கு எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத்தான் ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போய் உடம்பு நீலம் பாரிக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இது பழைய பிரச்சினை. வன்னியிலும் முருங்கன் பக்கம் அதே வகைக் கல்தான், மண்போல் வடிக்காமல் தண்ணீரை வெடிப்புகளால் நேரே உள்ளே விடும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நிறையத் தாய்மார் பிழையாக நினைக்கிறார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடும். எல்லை தாண்டிய கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைக்கக் கூடாது, வேறு தண்ணீர்தான் எடுக்க வேண்டும்.

பசளையையே நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்பார்கள். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தினார்கள், நவம்பரில் திரும்பத் திறந்தார்கள். இடையில் அடிபட்டது கமக்காரன். என் எண்ணத்தில் பிரச்சினை அளவிலும் நேரத்திலும்தான் இருக்கிறது. வானம் கறுத்து நிற்கும்போது யூரியா எறிந்தால் அது பயிருக்குப் போகாது, குளத்துக்குத்தான் போகும். பிரித்துப் பிரித்து எறிவதும், எறிந்த பிறகு சில நாள் தண்ணீர் வெளியேறும் கடவையை இறுக்கிக் கட்டி வைப்பதும் செலவில்லாத வேலை.

கிருமிநாசினியும் களைநாசினியும் வேறு மாதிரி. இங்கே அளவு சின்னது, வேகம் பெரிது. வாய்க்கால் கட்டில் நின்று நான் பலமுறை பார்த்தது: மருந்து அடித்து முடித்தவர் முதுகிலிருந்து தாங்கியை இறக்கி, வாய்க்காலுக்குள் அமிழ்த்தி, இரண்டு குலுக்குக் குலுக்கிக் கவிழ்ப்பார். பால் கலந்ததுபோல் வெள்ளையாக ஒரு கீற்று தண்ணீரோடு போகும். கொஞ்ச நேரத்தில் அது கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பத்தடி கீழே சின்னக் கெண்டைக் குஞ்சுகள் சுழன்று சுழன்று ஓடி, பக்கவாட்டில் சரிந்து, புல்லோரமாக ஒதுங்கும். அதற்கும் கீழே படிக்கட்டில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருப்பார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. வேர்த்து விறுவிறுத்து நிற்கிறவருக்குத் தண்ணீர் அங்கேதான் இருக்கிறது. ஒரு வாளி தண்ணீரை வயல் நடுவுக்குக் கொண்டுபோய், தாங்கியை மூன்றுதரம் அலசி, அலசிய தண்ணீரையும் அதே வயலில் அடித்துவிட்டால் இந்தக் கீற்று வாய்க்காலுக்கு வராது.

வயலுக்குள்ளும் அது வேறொரு நட்டத்தைச் செய்கிறது. சிலந்தி, தும்பி, நீரில் ஓடும் பூச்சி எல்லாம் கபிலநிறத் தத்தி என்ற நெற்பூச்சியைத் தின்று வயலைக் காக்கின்றன. மருந்து முதலில் இவற்றைக் கொல்லும். தத்தி தப்பிப் பெருகும், திரும்ப அடிக்க வேண்டிவரும். தவளை குறைந்த வயலில் இரவு அமைதியாகத்தான் இருக்கும், அந்த அமைதி நல்லதல்ல. பரகுவாட் போன்ற கடும் நஞ்சுகளை இலங்கை 2008இலிருந்து 2011க்குள் படிப்படியாக நிறுத்தியது; அது மனித உயிர்களைக் காத்த முடிவு. கிளைபோசேற்று என்ற களைநாசினி 2015இல் தடைப்பட்டு, பிறகு தளர்ந்து திரும்ப வந்தது. சட்டம் எப்படி மாறினாலும் வெறும் போத்தலை வாய்க்காலில் எறிவதும், அதே போத்தலைக் கழுவி மண்ணெண்ணெய் வாங்கப் போவதும் எங்கள் கையில்தான் இருக்கிறது.

கிருமி மாசுக்கு வருகிறேன். பசளையையும் மருந்தையும் விட இதுதான் வன்னியில் அதிகம் ஆட்களைப் படுக்கையில் போட்டது என்பது என் அனுபவம். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஈ.கோலை என்ற மலப் பற்றீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது. நாங்கள் எடுத்த வீட்டுக் கிணற்று மாதிரிகளில், அதுவும் மாரியில், அந்தப் பூச்சியத்தைக் காண்பது அரிதாக இருந்தது. மீளக்குடியேறிய பிறகு கால் ஏக்கர், அரை ஏக்கர் காணிக்குள் வீடும் கிணறும் மலசலகூடமும் வந்தன. உங்கள் மலக்குழி உங்கள் கிணற்றுக்குத் தூரமாக இருக்கும், பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குக் கிட்டவாக இருக்கும். 50 அடியாவது இடைவெளி வேண்டும் என்பது அடிப்படை. கரையோர மணல் நிலத்தில் அதுவும் போதாது, மணலுக்குள் தண்ணீர் சுகமாக ஓடும். குழியின் அடி மாரி நீர்மட்டத்தைத் தொட்டால் தூரக் கணக்கே பிசகிவிடும்.

சனம் நெருங்கி, சுகாதார வசதி போதாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குத் தூரம் போகத் தேவையில்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட எங்கள் சனம் அடைபட்டிருந்தபோது செங்கமாரி பரவியது. ஹெப்பற்றைற்றிஸ் ஏ, மலத்திலிருந்து தண்ணீராலும் உணவாலும் வாய்க்கு வரும் வைரசு. வெள்ளத்துக்குப் பிறகும் இதே ஆபத்து. 2018 டிசம்பரில் இரணைமடு வான் கதவுகள் திறந்து கிளிநொச்சியில் ஊர் ஊராக வெள்ளம் நின்றபோது மலக்குழியும் கிணறும் ஒரே தண்ணீராகக் கிடந்தன. வெள்ளம் வடிந்ததும் கிணற்றை இறைத்து, குளோரீன் போட்டு, பொறுத்திருந்துதான் குடிக்க வேண்டும். மருந்தின் அளவு கிணற்றின் விட்டத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் பார்த்துக் கணக்கிட வேண்டியது, பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். வாசம் பிடிக்கவில்லை என்று மறுக்கிறவர்களிடம் நான் பரந்தனைச் சொல்வேன். ஆனையிறவு உப்பிலிருந்து பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் குளோரீன் செய்தார்கள்; 1980களில் போரோடு அது நின்றது. எங்கள் உப்பில் செய்த மருந்தை நாங்களே வேண்டாம் என்பதா என்று கேட்டால் வயதானவர்கள் சம்மதித்துவிடுவார்கள்.

இப்போது பாறை கொடுத்த மாசு. வவுனியாப் பக்கம் நிலத்தடி கருங்கல். அந்தக் கல்லிலிருந்து புளோரைட்டு தண்ணீரில் கரைகிறது. சிறுவயதில் தொடர்ந்து குடித்தவர்களின் முன்பற்களில் கபில நிறக் கறை படிந்திருக்கும். துலக்காத பல் என்று பகிடி பண்ணுவார்கள், பாவம், அது துலக்கிப் போவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், இலங்கைத் தரத்தில் 1.0. வெயில் நாட்டில் கூடுதலாகக் குடிக்கிறோம் அல்லவா, அதனால் எல்லை இறுக்கம்.

இதோடு சேர்த்துப் பேசப்படுவது சிறுநீரக நோய். 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் அடையாளம் கண்டார்கள். நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத கமக்காரர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகியது. வவுனியாவிலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் அது உண்டு. புளோரைட்டும் தண்ணீரின் கடினத்தன்மையும், விவசாய இரசாயனம், வெயிலில் உடல் நீர் வற்றுதல் என்று பல விளக்கங்கள் ஆராய்ச்சியில் இருக்கின்றன. ஒன்றுதான் காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை. மகள் இதை எழுதும்போது "கிருமிநாசினியால் சிறுநீரக நோய்" என்று ஒரே வரியில் முடிக்க வேண்டாம், அது சரியில்லை.

நோய்க்குப் பயந்து ஊர் ஊராக, மென்சவ்வால் உப்பை வடிக்கும் ஆர்.ஓ. தண்ணீர் நிலையங்கள் வந்தன. நல்லதுதான், அந்தத் தண்ணீர் வேண்டியதுதான். ஆனால் இயந்திரத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். உள்ளே போன தண்ணீரில் பாதிக்குக் கிட்ட ஒரு குழாயால் வெளியே விழும். நல்ல தண்ணீரிலிருந்து எடுத்த புளோரைட்டும் உப்பும் எல்லாம் அதில் இரண்டு மடங்காகத் திரண்டிருக்கும். பல இடங்களில் அது நேரே கானுக்குள், அங்கிருந்து திரும்ப நிலத்துக்குள் போகிறது. அதை எங்கே விடுவது என்று யோசிக்காமல் நிலையம் கட்டுவது அரைவாசி வேலை.

மணலும் மண்ணும் மாசா என்று கேட்பார்கள். ஆம், தண்ணீரில் இருக்கக் கூடாத அளவுக்கு வந்தால் மாசு. கனகராயன் ஆற்றிலும் மற்ற ஆறுகளிலும் மணல் அள்ளிய இடத்தைப் பார்த்தால் கரை இடிந்து, மருத மரத்தின் வேர் வெளியே தொங்கிக்கொண்டு நிற்கும். கலங்கிய தண்ணீர் மீனின் பூவை, அதாவது செவுளை, அடைக்கும், முட்டையைப் புதைக்கும், குளத்தின் அடியில் படிந்து கொள்ளளவைத் தின்னும். இன்னொரு நட்டம் கணக்கில் வருவதில்லை. ஆற்று மணல் என்பது தண்ணீர்த் தொட்டியும் வடிகட்டியும். நனைந்த மணலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வடிந்து வரக்கூடிய தண்ணீர். ஒரு டிப்பரில் மூன்று கியூப், அதாவது 300 கன அடி போகிறது என்று வையுங்கள். 75 கன அடி, இரண்டாயிரம் லீற்றருக்கு மேல் தண்ணீர் நிற்கும் இடம் அதோடு போகிறது. ஓர் இரவில் எத்தனை டிப்பர் போகிறது என்று ஆற்றங்கரை வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆனியில் அவர்களுடைய கிணறு வற்றும்போது மழையைக் குறை சொல்கிறோம்.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்பு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கிணறுகளை ஒரேயடியாகக் கடல்நீரால் நிரப்பியது. ஆனால் உப்பு வர அலை வேண்டுமென்றில்லை. கரையோர நிலத்தில் நன்னீர் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் இருந்தால் கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும். மேலே ஓரடியை மோட்டர் போட்டு இறைத்தால் கீழேயிருந்து உப்பு எழும்பி வரும். ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்கில் சில கிணறுகளை நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்ப இறைத்து, உப்பை மேலே கூட்டிவந்த அனுபவம் இருக்கிறது. உவர் ஏறிய நிலத்தில் நெல் மஞ்சளாகிப் போகும், தென்னைக் குரும்பை கொட்டும்.

எண்ணெய் மாசுக்குப் பக்கத்து உதாரணம் சுன்னாகம். மின்னிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019இல் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கத் தீர்ப்பானது. வன்னியில் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் கிணற்றுக் கட்டிலேயே நீரிறைக்கும் இயந்திரத்தை வைத்து, எண்ணெய் மாற்றி, ஒழுகியதை மண்ணால் மூடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தைப் பத்தடி தள்ளி வைத்து, கீழே ஒரு தகரத் தட்டு வைத்தால் போதும்.

பிளாஸ்டிக்குக்கு மன்னார்க் கரை. 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கிய பிறகு, அதேபோன்ற மணிகள் மன்னார்க் கரையிலும் ஒதுங்கின. மீன் முட்டை என்று நினைத்து மீனும் பறவையும் விழுங்கும். குளங்களில் அதற்குச் சமமானது கிழிந்துபோன தங்கூசி வலை. யாரும் இழுக்காமலே அது வருடக்கணக்கில் மீனையும் ஆமையையும் நீர்க்காகத்தையும் பிடித்துக்கொண்டே இருக்கும். சுடுநீரால் வரும் வெப்ப மாசும் கதிரியக்கமும் புத்தகத்தில் இருப்பதால் ஒவ்வொரு வரி எழுதினால் சரி, வன்னியில் அவற்றுக்குக் காட்ட ஒன்றும் இல்லை.

பிள்ளை எதைப் பார்த்து எழுதுவாள் என்று கேட்டீர்களே, அவளே அளந்து பார்க்கக்கூடிய ஒன்று சொல்கிறேன். பழைய வெள்ளைத் தட்டு ஒன்றை எடுங்கள், ஒரு சாண் அகலம் போதும். அடியில் ஒரு கல்லைக் கட்டி, தட்டு சரியாமல் தட்டையாக இறங்கும்படி கயிறு போடுங்கள். கயிற்றில் அரை அடிக்கு ஒரு முடிச்சு. பெரியவர் ஒருவரோடு குளத்தில் தண்ணீர் திறந்துவிடும் துருசடிக்குப் போய், வெயில் உச்சியில் நிற்கும் நேரத்தில், உங்கள் நிழல் விழும் பக்கமாகத் தட்டை மெல்ல இறக்கச் சொல்லுங்கள். எந்த முடிச்சில் தட்டு கண்ணுக்கு மறைகிறது என்று எழுதட்டும். மறையும் இடத்தில் தண்ணீர் மண் நிறமா பச்சை நிறமா என்றும் எழுதட்டும். மண் நிறம் என்றால் அரிப்பு, பச்சை என்றால் பசளையும் பாசியும். கிழமைக்கு ஒருமுறை, அதே இடம், அதே நேரம். பசளை எறிந்த கிழமையையும் மழை பெய்த நாளையும் பக்கத்தில் குறித்துக்கொண்டால், எட்டாம் கிழமை முடியும்போது முத்தையன்கட்டைப் பற்றி அவளுடைய கொப்பியில் இருப்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது.